'புரோக்சி'க்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

சுங்கை சிப்புட், திங்கள்

வணக்கம். சனிக்கிழமை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காணொளித் தொகுப்பு வகுப்பு. கையேடு வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பாடம் இதுதான்: புரோக்சி, அதாவது கனமான மூலப் பதிவுக்குப் பதிலாக வைத்துத் தொகுக்கும் சிறிய நகல். மூலப் பதிவு இங்கே ஒரு வட்டில் கிடக்கிறது. தொகுப்பவர் ஒருவர் கிள்ளானில், இன்னொருவர் சிங்கப்பூரில். யு.எச்.டி. (4கே) அளவில், நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), புரோரெஸ் 422 எச்.க்யூ. என்ற கனமான பதிவு வடிவம் என்றால் நொடிக்கு 737 மெகாபிட். ஒரு மணி நேரப் பதிவே 330 கிகாபைட்டைத் தாண்டும். பதிவேற்றம் 50 மெகாபிட் வேகத்தில் கிடைத்தாலும் அது போய்ச் சேரப் பதினான்கே முக்கால் மணி நேரம். அதையே 1080 அளவில் புரோரெஸ் புரோக்சியாக மாற்றினால் நொடிக்கு 38 மெகாபிட். ஒரு மணி நேரப் பதிவு 17 கிகாபைட். முக்கால் மணியில் போய்விடும். கனமான மூலம் ஊரிலேயே இருக்கும். வெட்டி முடித்ததும் சில மெகாபைட் திட்டக் கோப்பு மட்டும் திரும்பி வரும். அதை இங்கே மூலத்தோடு சேர்க்கிறோம்.

புரோக்சிக்குப் 'பதிலி' என்றும், கடைசியில் மூலத்தோடு சேர்க்கும் ரீலிங்க்குக்கு 'மறுஇணைப்பு' என்றும் போட்டிருக்கிறேன். சரிதானா?

பீடோர், திங்கள்

'பதில்' அரபு வழி வந்த சொல். அதன் மேல் இகர விகுதி ஏற்றினால் தமிழாகிவிடுமா? இலங்கைத் தமிழில் 'அதற்குப் பகரமாக' என்று இன்றும் எழுதுகிறார்கள். பகர்தல் என்றால் சொல்லுதல் மட்டுமல்ல, விற்றலும்தான். விற்பது என்பது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவது; அங்கிருந்துதான் பகரம். ஆகவே பகரி.

'மறுஇணைப்பு' என்று உயிரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். மறுவிணைப்பு.

ஈப்போ, திங்கள் இரவு

ஐயா, வாட்ஸ்அப்புக்குப் 'பகிரி' என்று சிலர் எழுதுகிறார்கள். "பகரியைப் பகிரியில் அனுப்பு" என்று கையேட்டில் வந்தால் பிள்ளைகள் எதை எதில் அனுப்புவார்கள்? நம் ஊரில் அது புலனம் என்பதால் தப்பித்தோம்.

சொல் எதுவானாலும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: புலனத்தில் காணொளியாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும், கோப்பின் பெயரும் மாறிவிடும். அப்புறம் மூலத்தோடு சேராது. ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் 2 கிகாபைட் வரைதான்.

'மறுவிணைப்பு' இலக்கணப்படி சரி. படிக்கும்போது மறு வினை என்று கண் தடுக்குகிறது.

சிங்கப்பூர், செவ்வாய்

பொருளைச் சொல்லாமல் பெயர் தேடுகிறோம். சிறியதாக இருப்பதால் மட்டும் ஒன்று புரோக்சி ஆகிவிடாது. சிறிய நகல் யாரும் செய்யலாம். மூலத்தின் பெயர், நேரக்குறியீடு, சட்டக வேகம், நீளம், ஒலித்தட எண்ணிக்கை, இவ்வளவும் ஒத்திருந்தால்தான் அது புரோக்சி. கேமரா நான்கு தடத்தில் ஒலி எழுதியிருக்கும், அவசரத்தில் எச்.264 என்ற சுருக்க வடிவத்தில் இரண்டு தடத்தோடு நகல் எடுப்பார்கள்; தொகுப்பு மென்பொருளான பிரீமியர் அதை மூலத்தோடு ஒட்ட மறுக்கும். படம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று அரை நாள் தேடுவார்கள்.

அதைவிட மோசம், பிழைச் செய்தியே வராத கோளாறு. கேமராவில் கோப்பு எண் அமைப்பு 'மீட்டமை' (ரீசெட்) என்று இருந்தால் ஒவ்வொரு நினைவக அட்டையிலும் சி0001 என்ற கோப்பு இருக்கும். மூன்று அட்டையையும் ஒரே கோப்புறையில் கொட்ட முடியாது. தனித்தனிக் கோப்புறையில் போட்டாலும், சேர்க்கும்போது மென்பொருள் முதலில் கண்ட சி0001ஐ எடுத்துக்கொள்ளக்கூடும். பாட்டி பேசும் இடத்தில் பால்மரம் நிற்கும். மாற்று வழி: அட்டைக்கொரு முன்னொட்டு (ஏ001, ஏ002) கொடுத்து, புரோக்சி எடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றுங்கள். எடுத்த பிறகு மாற்றினால் எல்லாம் போச்சு.

என் சொல் நிழற்கோப்பு. நிழல் ஆளை விட்டுப் போகாது.

கிள்ளான், செவ்வாய்

ஆனால் இங்கே நிழல் மட்டும்தானே கிள்ளானுக்கு வருகிறது, ஆள் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிறாரே!

தோட்டத்திலேயே சொல் இருக்கிறது. ஒருவர் வேலைக்கு வராத நாளில் அவருடைய நிரையை, அதாவது அவர் பங்கு ரப்பர் மர வரிசையை, வெட்டுபவர் மாற்றாள். நிரை அதே, மரம் அதே, கணக்கும் அந்த நிரையின் பெயரில்தான். பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

ஈப்போ, செவ்வாய்

அக்கா, நல்ல சொல். ஆனால் கோப்பை ஆள் என்பதா? மாற்றாள் வந்தான் என்பதா, வந்தது என்பதா?

பீடோர், புதன்

உயர்திணை அஃறிணைச் சிக்கல் பகரிக்குக் கிடையாது. ரீலிங்க்குக்கு 'மீள்தொடுப்பு' என்றும் சொல்லலாம். மறுவிணைப்பைவிட ஓசை நன்று.

கிள்ளான், புதன்

பதினாறு வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் 'தொடுப்பு' என்று சொல்லிப் பாருங்கள் ஐயா. அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

சுங்கை சிப்புட், புதன்

வேறொரு சிக்கல். கையேட்டுப் பயிற்சியில் கோப்புறைக்குத் தமிழிலேயே 'மூலக்கோப்பு' என்று பெயர் வைத்தேன். பழைய மேக் வட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் ஒரே பெயரில் இரண்டு கோப்புறை தெரிகிறது. திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

சிங்கப்பூர், புதன்

'கோ'தான் காரணம். ஓகார உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னே கொம்பு, பின்னே கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் வடிவ வட்டு அதைப் பிரித்தே வைக்கும். விண்டோஸ் விசைப்பலகை சேர்த்து எழுதும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இதே கதை, 'ஔ'வும் அப்படித்தான். கோப்பு என்ற சொல்லைக் கோப்பின் பெயரில் வைக்க முடியாத நிலை! வகுப்பில் கோப்புகளுக்கு உரோமன் எழுத்தும் எண்ணும் மட்டும். கையேட்டில் தமிழ், வட்டில் வேண்டாம்.

பீடோர், புதன் இரவு

ஆக, தமிழை வட்டை விட்டும் துரத்தியாயிற்று.

பினாங்கு, வியாழன்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். இது படச்சுருள் காலத்து வேலை, புதிது ஒன்றுமில்லை. கேமராவில் ஓடிய நெகட்டிவ்வில் கத்தரி வைக்க மாட்டார்கள். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் படி எடுத்து, வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அதில்தான். கீறல் விழும், அழுக்குப் படியும், கவலையில்லை. 35 மி.மீ. நெகட்டிவ்வின் ஓரத்தில் அடிக்கு ஒரு எண், அதாவது 16 சட்டகத்துக்கு ஒன்று, அச்சாகியிருக்கும். அது படியிலும் ஏறும். கடைசியில் அந்த எண்ணைப் பார்த்து நெகட்டிவ்வை வெட்டுவார்கள். சிங்கப்பூர்த் தம்பி சொன்ன பெயரும் நேரக்குறியீடும்தான் அந்த ஓர எண். ஆகவே வேலைப்படி. வேலை செய்வதற்கான படி, அவ்வளவுதான். சேர்ப்பதற்கு மூலம் சேர்த்தல். 'மறு'வும் வேண்டாம், 'மீள்'உம் வேண்டாம்.

ஈப்போ, வியாழன்

வேலைப்படிக்கு என் வாக்கு. ஒன்று மட்டும்: பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கிறவர்கள். அவர்களுக்கு 'புரோக்சி' ஏற்கெனவே தெரியும், மலாயிலும் அதே சொல்தான். முதல் இடத்திலாவது பக்கத்தில் அதையும் போடுங்கள்.

பீடோர், வியாழன்

மலாய்ச் சொல் வழியாக ஆங்கிலத்தை உள்ளே விட வேண்டுமா? தொல்காப்பியரே வடசொல்லை எடுத்தாலும் வடவெழுத்தை நீக்கித்தான் எடுக்கச் சொன்னார். 'புரோக்சி'யில் மொழிமுதல் 'பு'வை ஒட்டி வைத்துவிட்டால் போதுமா?

ஈப்போ, வியாழன்

நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று, கப்பல் 'காப்பால்' ஆயிற்று. அவர்கள் விவாதம் நடத்தியதாகத் தெரியவில்லை, ஐயா.

சுங்கை சிப்புட், வெள்ளி காலை

வேலைப்படிக்கு நால்வர், பகரிக்கு ஒருவர், மாற்றாளுக்குக் கிள்ளான் அக்கா அரை மனதோடு. கையேட்டில் 'வேலைப்படி', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் புரோக்சி. ரீலிங்க்குக்கு 'மூலம் சேர்த்தல்'. மாற்றாள் உவமை 9ஆம் பக்கத்தில் ஒரு பத்தியாக இருக்கிறது. திரை சிவந்து கோப்பைக் காணவில்லை என்று வரும் இடத்தில் வேறு பெயரே வைக்கவில்லை, 'கோப்பு காணவில்லை' என்றே விட்டேன். விண்டோஸில் வட்டின் எழுத்து ஈயிலிருந்து எஃப்புக்கு மாறினாலே அந்தச் சிவப்பு வரும் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

பீடோர், வெள்ளி மதியம்

பயணப்படி, வீட்டுவாடகைப்படி தெரியும். வேலைப்படி என்றால் மாதம் எத்தனை ரிங்கிட் என்று பையன்கள் கேட்பார்கள். அப்போது பகரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட், வெள்ளி மாலை

அச்சகத்துக்குப் போய்விட்டது ஐயா. இரண்டாம் பதிப்பு வந்தால் பார்ப்போம்.