‘என்று’ இல்லாத கூற்றுக்கு ஒரு பெயர்

மாட்டுங்காவிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கதாபாத்திரத்தின் பேச்சையோ நினைப்பையோ ‘என்று’ போடாமல் கதைசொல்லியின் வாக்கியத்திலேயே சொல்லும் நுட்பத்தை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்காக அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். கேள்வி எங்கே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே மும்பையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்குச் சயானிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பியிருந்தாள். மழை நாளில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிய கதை. அதில் இப்படி எழுதியிருந்தாள்:

அவள் ஜன்னலைச் சாத்தினாள். நாளை அவன் வந்துவிடுவான். வராமல் எங்கே போவான்? இந்த மழையில் தாதரைத் தாண்ட ரயில் ஏது?

திருத்தி வந்த படியில் மூன்று வாக்கியங்களின் பின்னாலும் ‘என்று நினைத்தாள்’ சேர்க்கப்பட்டிருந்தது. ‘நாளை’யை அடித்து ‘மறுநாள்’ ஆக்கியிருந்தார்கள். ‘இந்த மழை’ ‘அந்த மழை’ ஆகியிருந்தது. பள்ளி இலக்கணப்படி எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தாய் கதையிலிருந்து எழுந்து போய்விட்டாள். ஏன் கெட்டது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாத நுட்பத்தைப் பிழை என்று திருத்துவது மிக எளிது.

‘சுதந்திர மறைமுகக் கூற்று’ என்ற பரிந்துரையிலிருந்து தொடங்குகிறேன். 1912இல் சுவிஸ் மொழியியலாளர் சார்ல் பாலி பிரெஞ்சில் இதற்குப் பெயர் வைத்தபோது ‘லீப்ர்’ (சுதந்திரமான) என்றது, வாக்கியம் இணைப்புச் சொல்லிலிருந்து விடுபட்டிருப்பதை. நம் மொழியில் அந்த இடத்தில் நிற்பது ‘என்று’. அதை அறியாதவர் ‘சுதந்திரம்’ என்று படித்தால் யாருக்குச் சுதந்திரம், எதிலிருந்து என்று கேட்பார். சொல்லுக்குச் சொல் வைத்த பெயர் இங்கே எதையும் விளக்கவில்லை.

‘நனவோடை’ வேண்டாம். அது வேறொன்றுக்கு நிலைத்துவிட்ட நல்ல சொல். மனத்தின் ஓட்டத்தையே பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகப் போவது அது. நாம் பேசுவதோ ஒரே வாக்கியத்திலும் நிகழும்.

‘கலப்புக்கூற்று’ பரவாயில்லை. ஆனால் ஒரே பத்தியில் நேர்கூற்றும் அயற்கூற்றும் மாறி மாறி வந்தாலும் அதைக் கலப்பு என்றுதான் சொல்வோம்.

செம்பூர் ஐயா முன்வைத்த ‘முன்னம்’ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 செய்யுள் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் எல்லாம் இருக்கின்றன. யார் சொல்கிறார், யாரிடம், எங்கே, எப்போது என்று இன்றைய கதையியல் கேட்கும் கேள்விகள் நம்மிடம் பாட்டை வைத்து எப்போதோ கேட்கப்பட்டுவிட்டன. இந்த இடத்தில் இந்தச் சொல் இன்னார் இன்னாரிடம் சொல்லத்தக்கது என்று பாட்டுக்குள்ளிருந்தே உணர வைப்பது முன்னம். ஆகவே ‘வராமல் எங்கே போவான்?’ என்பது தாயின் சொல் என்று வாசகர் கண்டுகொள்வது முன்னத்தால்தான். ஆனால் முன்னம் எல்லாக் கூற்றுக்கும் பொது. தோழி நேராகப் பேசும் பாட்டிலும் அது உண்டு. அவ்வளவு பரந்த சொல்லை ஒரு நுட்பத்துக்குள் அடைத்தால், பழைய பொருளில் அதைத் தேடி வருபவர் வழி தவறுவார்.

என் பரிந்துரை: தோய்கூற்று.

பாலுக்கு உறை ஊற்றுவதை எங்கள் வீட்டில் தோய்ப்பது என்போம். என் அம்மா கைச்சூட்டுக்கு ஆறிய பாலில் ஒரு கரண்டி மோரை விட்டு, இரண்டு சுற்றுக் கலக்கி, மூடி வைப்பாள். பாத்திரத்தில் இருப்பது பார்க்கப் பாலாகவே இருக்கும். காலையில் மோர் எது, பால் எது என்று பிரிக்க முடியாது. கதைசொல்லியின் வாக்கியத்தில் கதாபாத்திரத்தின் சொல் இறங்குவதும் இப்படித்தான். ‘அவள்’, ‘அவன்’ என்ற படர்க்கை கதைசொல்லியுடையது. ‘நாளை’, ‘இந்த’ என்ற சுட்டும், ‘எங்கே போவான்?’ என்ற தொனியும் அவளுடையவை.

பள்ளியில் படித்த நேர்கூற்று, அயற்கூற்று என்ற இரண்டோடும் இது மூன்றாவதாகப் பொருந்தி நிற்கும். வினைத்தொகை, எனவே ஊறுகாய் போல வல்லினம் மிகாது. ‘தோய்க்கூற்று’ என்று எழுதிவிட வேண்டாம்.

அன்புடன்.

செம்பூரிலிருந்து:

தம்பி, முன்னம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். முப்பது ஆண்டு வகுப்பில் அதை நடத்தியவன் என்ற பாசத்தில் முன்மொழிந்தேன்.

தோய்கூற்றில் எனக்கு ஒரு தயக்கம். ‘உணர்ச்சியில் தோய்ந்து எழுதியிருக்கிறார்’ என்று மதிப்புரைகளில் எழுதுகிறோம். புதிதாக எழுத வருபவர் உருக்கமான நடையைத்தான் தோய்கூற்று என்று நினைத்துக்கொள்வார். பிறகு கண்ணீர் வரும் இடமெல்லாம் அந்தப் பெயர் ஒட்டும். கூற்று யாருடையதில் தோய்கிறது என்பதும் சொல்லில் இல்லை. ‘மனந்தோய் கூற்று’ என்றால் என்ன?

மாட்டுங்காவிலிருந்து:

ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. நேற்று அந்த மாணவியிடமே கேட்டுப் பார்த்தேன். அவளும் முதலில் நீங்கள் அஞ்சிய பொருளையே சொன்னாள். அதனால் என் சொல் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் என்று வாதாட மாட்டேன். முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும்.

ஆனால் ‘மனந்தோய்’ என்றால் நினைப்பு மட்டும் உள்ளே வரும், பேச்சு வெளியே நின்றுவிடும். அண்டை வீட்டுக்காரி திண்ணையில் சொன்னதைக்கூட ‘என்று’ இல்லாமல் கதைசொல்லி தன் வாக்கியத்தில் இழைக்கலாம். அதுவும் இதே நுட்பம்தான். அதனால் மனம் என்ற சொல் இல்லாமலிருப்பதே நல்லது.

பெயர் ஏன் இத்தனை அவசரம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 1857இல் பாரிஸில் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரை அவருடைய ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நாயகியின் உள்ளத்திலிருந்து எழுந்த சொற்களை அரசு வழக்கறிஞர் ஆசிரியரின் கருத்தாகவே எடுத்துக்கொண்டார் என்று ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ் ராபர்ட் யௌஸ் காட்டியிருக்கிறார். ஃப்ளோபேர் விடுதலையானார். ஆனால் ‘இது யார் சொல்?’ என்று தெரியாமல் படிப்பது இன்றும் நடக்கிறது. பாத்திரத்தின் சாதித் திமிரை எழுத்தாளரின் திமிராக வாசித்துச் சண்டை போடும் கடிதங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு இது. திருத்துங்கள்:

தோய்கூற்று: ‘என்று’, ‘என’, ‘ஆக’ போன்ற இணைப்பு இல்லாமல், கதைசொல்லியின் படர்க்கை வாக்கியத்தில் பாத்திரத்தின் சுட்டும் காலச்சொல்லும் தொனியும் இறங்கி நிற்பது. எடுத்துக்காட்டு: ‘அவள் ஜன்னலைச் சாத்தினாள். நாளை அவன் வந்துவிடுவான். வராமல் எங்கே போவான்?’

எடுத்துக்காட்டை அச்சிட மாணவி சம்மதித்துவிட்டாள். ‘நாளை’ மட்டும் ‘நாளை’யாகவே இருக்க வேண்டும் என்றாள்.