பயிற்சிக்கூடப் பட்டியலில் இரண்டு வழங்கிகள்

அன்புடையீர்,

மூன்று பள்ளிகள் முறைவைத்துப் பயன்படுத்தவிருக்கும் கணினிப் பயிற்சிக்கூடத்தின் கருவிப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் எழுதித் தர வேண்டும். இருபது இருக்கைகளிலும் வைக்கப்படும் சிறு பெட்டிகளுக்கு வன்தட்டு இல்லை. பிணையத்தின் வழியே நடுவிலுள்ள ஒரே கணினியிலிருந்து இயங்குதளத்தைப் பெற்றே அவை எழும். தின் கிளையண்ட் எனப்படும் இவற்றுக்குச் சொல் இல்லாமல் நிற்கிறேன். சர்வர் எனப்படும் நடுக்கணினியை 'வழங்கி' என்று எழுதினால், அடுத்த வரியிலேயே, மின்சாரம் நின்றால் மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ் 'தடையில்லா மின்வழங்கி'யாக வருகிறது. 'வழங்கிக்கு மின்கலம் இரண்டு' என்பதைக் கொள்முதல் செய்பவர் எதற்கென்று கொள்வார்?

*

ஐயா,

சிறு பெட்டி 'சார்கணினி' ஆகட்டும். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்று எழுத்துகளையும் பிற எழுத்தைச் சார்ந்து வருவன என்றே தொல்காப்பியர் வகுத்தார். நன்னூலார் சார்பெழுத்தைப் பத்தாக விரித்தபோதும் சார்பு என்னும் அடிப்படையை விடவில்லை. 'மெலிகணினி' என்பது உருவத்தைச் சொல்லுமே தவிர, தனித்து இயங்காமையைச் சொல்லாது.

நடுக்கணினிக்கு, ஊரார் நீர் உண்ணும் குளத்தின் பெயரான 'ஊருணி' என்பதே என் விருப்பம். சொல்லின் இறுதியில் வரும் இகர விகுதி, நெருப்பைக் குறிக்கும் சேர்ந்தாரைக்கொல்லியில் வினைமுதலையும், மண்வெட்டியில் கருவியையும், ஊருணியில் செயப்படுபொருளையும் உணர்த்துகிறது. வழங்கி தான் செய்வதைச் சொல்கிறது. ஊருணியோ எல்லாரும் வந்து உண்பதைச் சொல்கிறது. பொதுக்கூடத்துக்குப் பின்னதே பொருந்தும். பேரறிவாளன் செல்வத்துக்கு வள்ளுவர் காட்டிய உவமையும் அதுவே.

*

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

'சார்கணினி' வகுப்பில் சொன்னவுடன் விளங்கும், ஏற்கிறேன். 'ஊருணி'யை ஏற்க இயலவில்லை. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் அது இன்றும் நீர் நிற்கும் இடத்தின் பெயர். பட்டியலில் கண்டால் கணக்கர் தூர்வாரும் செலவு என்றே கொள்வார். மாணவர்கள் 'சர்வர்' என்கிறார்கள், அதையே தமிழெழுத்தில் எழுதலாம். நடுக்கணினிக்கு மின்சாரம் நின்றால் இருபது இருக்கைகளும் ஒரே நொடியில் முடங்கிவிடும், பிள்ளைகள் சேமிக்காத வேலை போய்விடும். ஆகவே மின்கலம் எதற்கு என்பதில் ஐயம் எழவே கூடாது. பள்ளிக்கூடத்தில் சொல்லின் தூய்மையைவிட இதுவே எனக்குப் பெரிது.

*

அம்மா,

ஊர் வழக்கில் இன்றும் வாழ்கிறது என்பதே அச்சொல்லின் வலிமை. 'சர்வர்' என்று எழுதிவிட்டால் உணவகத்தில் பரிமாறுபவரையும் அதே சொல்லால்தானே அழைக்கிறோம்? ஐயம் அங்கும் தீரவில்லையே.

*

அன்புடையீர்,

நேரம் நெருங்கிவிட்டதால் பட்டியலை அனுப்பிவிட்டேன். 'சார்கணினி'க்கு எதிர்ப்பு இல்லை. 'வழங்கி' ஏற்கெனவே புழங்குவதால் அதை வைத்துக்கொண்டு, யுபிஎஸ்ஸின் பெயரை 'மின்தடைக் காப்புக் கருவி' என்று மாற்றினேன். மின்கல வரியில் 'காப்புக் கருவிக்கு' என்று விரித்தும் எழுதினேன்.

*

ஐயா,

'மின்தடை' என்பது இயற்பியல் பாடநூலில் ஓம் அளவையால் அளக்கப்படும் பண்பின் பெயர். பயிற்சிக்கூடத்துக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவர் அப்படித்தான் படிப்பார். அடுத்த பட்டியலுக்கு முன் இதை மீண்டும் எடுக்க வேண்டும். 'ஊருணி'யையும் நான் கைவிடவில்லை.