மறு: [கலைச்சொல்] "டிவோவாக்கம்" வேண்டாம், "சாவிமறுப்பு" எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருளின் (யாரும் இயக்கவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்) மூலநிரலைக் கொடுத்துவிட்டு, திருத்தியதைக் கருவியில் ஓட்டவிடாமல் தடுக்கும் வழக்கத்தை ஆங்கிலத்தில் tivoization என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இழை நீண்டுவிட்டதால் மூன்று நான்கு மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ஆங்கிலத்திலேயே நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த சொல்தானே. "டிவோவாக்கம்" என்று வைத்தால் தேடுவோருக்கு எளிது.

தேட எளிதுதான். புரிந்துகொள்ள? டிவோ என்பது 1999-இல் விற்பனைக்கு வந்த தொலைக்காட்சிப் பதிவுக் கருவி. உள்ளே ஓடியது லினக்ஸ் கர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. அதன் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு கேட்டபடி மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, கொடுத்தார்கள். அதைத் திருத்தி, தொகுத்து, அதே கருவியில் ஏற்றினால் கருவி ஏற்றுக்கொள்ளாது. இந்தக் கதை தெரிந்தவருக்குச் சொல்லும் புரியும். தெரியாதவருக்கு ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருக்கும். தவிர, இன்று இந்த வழக்கம் கைப்பேசி, திசைவி, தொலைக்காட்சி என்று பல கருவிகளில் இருக்கிறது. ஒரே ஒரு பழைய கருவியின் பெயரில் இதைக் கட்டிவைப்பானேன்?

> என் பரிந்துரை "நிரல்பூட்டு". சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் பூட்டப்பட்டிருப்பது நிரல் இல்லையே! நிரல் திறந்துதான் கிடக்கிறது, யாரும் படிக்கலாம், திருத்தலாம். கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தயாரிக்கும்போதே நிறுவனத்தின் பொதுச் சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் மின்னணு எண்) சில்லில் பதித்துவிடுகிறார்கள். மின்சாரம் கொடுத்ததும் தொடக்க நிரல், கர்னலின் மீதுள்ள மின்னணுக் கையொப்பத்தை அந்தச் சாவியை வைத்துச் சரிபார்க்கும். திரையில் வரும் ஒரு செய்தியில் ஓர் எழுத்தை மட்டும் நீங்கள் மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. கருவி அங்கேயே நின்றுவிடும். புதிதாகக் கையொப்பமிடத் தேவையான தனிச் சாவி நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். ஆக, பூட்டு நிரலில் இல்லை, கருவியில் இருக்கிறது. "நிரல்பூட்டு" என்று படிப்பவர் மூலநிரலைத் தரவில்லை போல என்றுதான் நினைப்பார். நாம் சொல்லவருவதற்கு நேர் எதிர்.

> அப்படியானால் "வன்பூட்டு"? வன்பொருளில் உள்ள பூட்டு என்றும் வலிந்து போட்ட பூட்டு என்றும் பொருள் வரும்.

இழையில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வன்தட்டு, வன்முறை இரண்டின் வாசனையும் இருக்கிறது. வன்பூட்டினார்கள், வன்பூட்டிய கருவி என்று வினையாகவும் எச்சமாகவும் வளைகிறது. கலைச்சொல்லுக்கு அந்த வளைவு முக்கியம்.

ஆனாலும் ஒரு நெருடல். பூட்டு இருப்பதே குற்றம் என்கிறது இந்தச் சொல். கையொப்பச் சரிபார்ப்பு நல்ல பாதுகாப்பு ஏற்பாடு. தொடக்க நிரலைத் தீநிரல் மாற்றிவிடாமல் காக்கிறது. பல கணினிகளில் பாதுகாப்பான தொடக்கம் என்ற வசதி உண்டு. அவற்றில் உரிமையாளர் விரும்பினால் தன் சாவியைச் சேர்க்கலாம், சரிபார்ப்பை நிறுத்தியும் வைக்கலாம். அதையும் வன்பூட்டு என்பீர்களா? தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு, சாவி யார் கையில் என்பதில் மட்டுமே. அதனால்தான் "சாவிமறுப்பு" என்று சொல்லிப் பார்க்கிறேன். சாவிமறுப்புக் கருவி, சாவி மறுத்து விற்றார்கள். வாக்கியத்தில் உட்காருகிறது.

> சாவி போர்த்துக்கீசியச் சொல் ஐயா. "திறவுகோல்மறுப்பு" என்றாவது வைக்கலாமே.

உண்மைதான். அதே கப்பலில்தான் ஜன்னலும் அலமாரியும் வந்தன, யாரும் திருப்பி அனுப்பவில்லை. "திறவுகோல்மறுப்பு" என்பதை இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

> இது கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களில் வராது. ஐந்தாவது சுதந்திரமாகச் சேர்த்து அதற்குத்தான் சொல் தேட வேண்டும்.

இதில் நான் உடன்படவில்லை. விளக்கம் எப்படி எழுதுகிறோம் என்பதே இதைப் பொறுத்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இயக்குவது, படித்து மாற்றுவது, படியெடுத்துப் பகிர்வது, மாற்றியதைப் பகிர்வது என்ற நான்கு சுதந்திரங்களுக்கும் எண் ஏன் பூச்சியத்தில் தொடங்குகிறது? கணினிக்காரர்களின் குறும்பு மட்டுமில்லை. ஜிபிஎல் உரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1986-இல் வெளியிட்ட முதல் வரையறையில், எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்கலாம் என்ற சுதந்திரம் தனியாகச் சொல்லப்படவில்லை. நிரல் கையில் இருந்தால் இயக்கத் தடை ஏது என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அதையும் எழுதிவைக்க வேண்டியிருந்தது. மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படை அதுதான் என்பதால், பழைய எண்களைக் கலைக்காமல் முன்னால் பூச்சியமாக வைத்தார்கள்.

சாவி விஷயமும் அதே மாதிரிதான். ஒன்றாம் சுதந்திரம், நிரலைப் படித்து வேண்டியபடி மாற்றும் சுதந்திரம். மாற்றியதை ஓட்ட முடியும் என்பது அதற்குள்ளேயே அடங்கியதுதான், யாரும் பிரித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது அந்த வரையறையின் விளக்கத்திலேயே, மூலத்துக்குப் பதிலாக உங்கள் திருத்திய பதிப்பை ஓட்டும் சுதந்திரமும் ஒன்றாவதில் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது என்று நாம் தனியாகப் பிரித்தால், இது ஏதோ கூடுதல் சலுகை என்றாகிவிடும். திருத்தலாம் ஆனால் ஓட்டக்கூடாது என்றால் திருத்தும் சுதந்திரம் வெறும் காகிதத்தில்தான்.

எதிர்க்கருத்தும் இருக்கிறது, அதையும் பதிவில் குறிப்பிட வேண்டும். லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. மூலநிரல் திரும்பக் கிடைத்தால் போதும், வன்பொருளை எப்படிச் செய்வது என்பது செய்பவர் முடிவு என்பது அவர் வாதம். லினக்ஸ் கர்னலின் உரிமம் இன்றும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் பலர் நினைப்பது போல எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. பயனர் பொருள்களுக்கு, அதாவது வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுக்கு, திருத்திய பதிப்பை நிறுவத் தேவையான சாவியும் விவரமும் தர வேண்டும் என்கிறது. மென்பொருளை யாருமே, தயாரித்தவர்கூட, மாற்ற முடியாதபடி நினைவகத்தில் பதித்திருந்தால் இந்த விதி பொருந்தாது. திருத்திய கருவிக்கு உத்தரவாதமோ பராமரிப்போ தர வேண்டும் என்றும் சொல்லவில்லை, அது நியாயமும்தான். "தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு" என்ற தொடரைக் கீழே உள்ள விளக்கத்தில் சேர்ப்பதற்கு இந்த நினைவக விலக்குதான் காரணம்.

அகராதிக்கான வரைவு:

சாவிமறுப்பு (பெயர்ச்சொல்): கட்டற்ற மென்பொருளின் மூலநிரலைத் தந்தும், திருத்திய பதிப்பை அதே கருவியில் ஓட்டத் தேவையான சாவியைத் தயாரிப்பாளர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு உரிமையாளருக்குத் தர மறுத்தல். காண்க: ஒன்றாம் சுதந்திரம். பிற வழக்குகள்: வன்பூட்டு, டிவோவாக்கம்.

"தயாரிப்பாளர்" என்பது மட்டும் உறுத்துகிறது. விற்பவரும் தொலைத்தொடர்பு நிறுவனமும்கூடச் சாவியை மறுக்கலாம். "வழங்குபவர்" என்று போடலாமா? வேறு சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.