பெற்றோரின் அமெரிக்க விசா 2031 வரை இருக்கிறது, ஆனால் டிசம்பர் 2-க்குள் கிளம்ப வேண்டுமாம். அங்கிருந்தே நீட்டிக்க முடியுமா?

சேரன்மாதேவிக்காரன் (அக்டோபர் 11)

எல்லோருக்கும் வணக்கம். அக்கா பிரசவத்துக்காக அம்மாவும் அப்பாவும் ஜூன் 3-ம் தேதி அமெரிக்கா போய் இறங்கினார்கள். டல்லாஸ் பக்கம் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பத்து வருஷ பி-1/பி-2 சுற்றுலா விசா, 2031 வரை செல்லும். ரிட்டர்ன் டிக்கெட் நவம்பர் 26. டிக்கெட் போட்டவர், "விசாதான் 2031 வரைக்கும் இருக்கே, தேதியை எப்ப வேணும்னாலும் தள்ளிக்கலாம்" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் அக்காவுக்கு சிசேரியன். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, போன மாசம் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். இன்னும் மூன்று மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். அத்தான் வீட்டிலிருந்து வந்து நிற்க ஆள் இல்லை. ஜனவரி முடிய இருந்துவிட்டு வருகிறோம் என்கிறாள் அம்மா. ஆனால் அத்தான் ஏதோ ஒரு இணையதளத்தில் பார்த்துவிட்டு, டிசம்பர் 2-க்கு மேல் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்கிறார்.

யார் சொல்வது சரி? அங்கே இருந்தபடியே நீட்டிக்க வழி உண்டா, இல்லை இங்கே வந்து மறுபடி சென்னை கான்சுலேட்டில் நிற்க வேண்டுமா? அப்பா தபால் துறையில் ரிட்டயர் ஆனவர். பிசானப் பருவ நெல் நடவு நேரத்தில் ஊரில் இல்லையே என்ற தவிப்பு அவருக்குத் தனி.

அம்பை வாத்தியார்

உங்க அத்தான் சொல்வதுதான் சரி தம்பி. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசாத் தேதி, அந்த ஊர் விமான நிலையத்தில் போய் நின்று "உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான கெடு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே நிற்கிற அதிகாரிதான் முடிவு செய்கிறார். அந்தப் பதிவுக்குப் பேர் ஐ-94. சுற்றுலா விசாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாசம் கொடுப்பார்கள், உங்கள் ஜூன் 3 அதனால்தான் டிசம்பர் 2-ல் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் வெள்ளைச் சீட்டு ஒன்றைப் பாஸ்போர்ட்டில் வைத்துக் கொடுப்பார்கள், தேதி கண்ணில் படும். 2013-லிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு அது கணினியில் மட்டும்தான். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அந்தத் தேதி தாண்டி ஒரு நாள் இருந்தாலும் பத்து வருஷ விசா தானாகவே செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருஷம் உள்ளே வர முடியாது, ஒரு வருஷம் ஆகிவிட்டால் பத்து வருஷம். டிக்கெட் போட்டவர் பேச்சை இதில் கேட்காதீர்கள்.

இரண்டு பேருடைய ஐ-94-ஐயும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறது என்றால் அந்தத் தேதியோடு நிறுத்தி, குறைத்துக் கொடுப்பதும் உண்டு. ஒரே வரிசையில் நின்று வந்தார்கள் என்பதற்காக ஒரே தேதி என்று நினைக்க வேண்டாம்.

சேரன்மாதேவிக்காரன்

பார்த்தாச்சு அண்ணாச்சி. இரண்டு பேருக்கும் டிசம்பர் 2 தான். பாஸ்போர்ட் 2029 வரை இருக்கிறது. இனி என்ன செய்ய?

கல்லிடை சாரதா

தம்பி, என் மாமனார் மாமியாருக்கு நான் இதைச் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீட்டிப்பது விசாவை அல்ல, தங்கும் காலத்தை. கான்சுலேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே யு.எஸ்.சி.ஐ.எஸ் என்ற குடியேற்றத் துறைக்கு ஐ-539 என்ற விண்ணப்பம் போட வேண்டும். ஐ-94 முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்னால் போடச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது அக்டோபர் 18, அதாவது அடுத்த வாரம். அதைத் தாண்டினாலும் டிசம்பர் 2-க்குள் அவர்கள் கைக்குப் போய்விட்டால் செல்லும், ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.

ஆன்லைனிலேயே செய்யலாம். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 420 டாலர், தபாலில் அனுப்பினால் 470. கட்டும் முன்னால் இப்போதைய கட்டணம் என்ன என்று அவர்கள் தளத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா பேரில் விண்ணப்பம் போட்டு அப்பாவை அதிலேயே சேர்க்கலாம், அவருக்கு ஐ-539ஏ என்று ஒரு பகுதி. ஒரே கட்டணம் போதும். கைரேகைக்குத் தனியாக வாங்கிக்கொண்டிருந்த 85 டாலரையும் எடுத்துவிட்டார்கள்.

ஃபார்ம் நிரப்புவது பெரிய வேலை இல்லை. கூட வைக்கிற கடிதம்தான் முக்கியம். ஏன் இருக்க வேண்டும், எந்தத் தேதி வரை, செலவு யார் பார்க்கிறார்கள், திரும்பிப் போவார்கள் என்பதற்கு என்ன பிடிமானம்: இந்த நாலும் அதில் தெளிவாக வர வேண்டும். அக்காவின் டாக்டரிடம் "இத்தனை மாதம் பாரம் தூக்கக் கூடாது, வீட்டில் ஆள் துணை வேண்டும்" என்று ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். அத்தானின் சம்பளச் சீட்டு, பாங்க் ஸ்டேட்மென்ட் வையுங்கள். ஊர்ப் பக்கம் அப்பாவின் பென்ஷன் ஆர்டர், வீட்டுத் தீர்வை ரசீது, வயல் பட்டா.

மகள் வேலைக்குப் போவதற்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது காரணமாக இருந்தால் வேறு மாதிரிப் போயிருக்கும், சம்பளம் இல்லாத ஆயா வேலையாக அதை எடுத்துக்கொள்கிற அதிகாரிகள் உண்டு. உங்கள் விஷயத்தில் உடம்பு முடியாத மகளுக்குத் துணை என்பதுதான் உண்மை. அதை அப்படியே எழுதுங்கள், கூட்டிச் சொல்ல ஒன்றும் தேவையில்லை.

தேதி கேட்கும்போது டிக்கெட் நாளோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் சேர்த்துக் கேளுங்கள். முடிவு வராமலே அந்தத் தேதி வந்துவிட்டால் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

பேட்டை பயணி

இவ்வளவு எதுக்கு? அப்படியே மெக்சிகோவுக்கு ஒரு வாரம் டூர் போய்ட்டு வந்தா புதுசா ஆறு மாசம் குத்திக் கொடுப்பாங்கன்னு என் ஃபிரெண்ட் சொன்னான்.

அம்பை வாத்தியார்

அந்த யோசனை வேண்டாம் தம்பி. பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டு முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய ஐ-94 தேதியே தொடரலாம். புதிதாகக் கொடுப்பதும் கொடுக்காததும் அந்த அதிகாரி இஷ்டம். கனடாவுக்கு நமக்குத் தனி விசா வேறு வேண்டும். ஆபரேஷன் ஆகிக் கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அறுபத்தஞ்சு வயசுக்காரரை எல்லை வரை இழுத்தடிக்கவா?

சேரன்மாதேவிக்காரன்

சாரதா அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கோட்டை விதைப்பாடு வயல் இருக்கிறது, பட்டா தமிழில்தான். இங்கே பாளையங்கோட்டையில் விசாரித்தால் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு தர மூவாயிரம் கேட்கிறார்கள். இன்னொன்று, டிசம்பர் 2-க்குள் பதில் வராவிட்டால்?

கல்லிடை சாரதா

மூவாயிரத்தை மிச்சம் பிடியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் நோட்டரி தேவையில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் முழுசாக மொழிபெயர்த்து, "எனக்கு இந்த இரண்டு மொழியும் தெரியும், இது சரியான முழு மொழிபெயர்ப்பு" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். குடும்பத்தில் இல்லாத ஆளாக இருந்தால் நல்லது. பட்டாவில் ஹெக்டேரில் இருப்பதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், கோட்டைக்கும் மரக்காலுக்கும் அங்கே கணக்குத் தெரியாது. மாசியில் பிசான அறுப்புக்கு அப்பா ஊரில் இருக்க வேண்டும் என்பதையும் கடிதத்தில் சேருங்கள். திரும்பி வர அதைவிட நல்ல காரணம் எது?

பதில் டிசம்பருக்குள் வருவது சந்தேகம்தான், பல மாசம் இழுக்கும். நேரத்துக்குப் போட்டிருந்தால், முடிவு வரும்வரை இருப்பது சட்டவிரோதக் கணக்கில் சேராது. ஐ-797சி என்று ஒரு ரசீது வரும், அதுதான் கையில் இருக்கிற ஆதாரம். மறுத்துவிட்டால் மறுநாளிலிருந்து கணக்கு ஓடும், உடனே கிளம்பிவிட வேண்டும். முடிவு வரும் முன்பே கேட்ட தேதிக்குள் ஊர் திரும்பிவிட்டால் தப்பில்லை. ஆனால் அந்த ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை விமான நிலையத்தில் "போன தடவை ஏன் ஆறு மாசம் தாண்டியது" என்று கேட்டால் காட்ட வேண்டும்.

மேலப்பாளையம் காதர்

தம்பி, இன்சூரன்ஸை மறந்துவிடாதீங்க. நவம்பரோடு முடிகிற மாதிரி எடுத்திருப்பீங்க. முடிவதற்கு முன்னாலேயே நீட்டிக்கணும், முடிந்த பிறகு புதுசாகத்தான் எடுக்கச் சொல்வாங்க. அப்பாவுக்கு சுகர், பி.பி மாத்திரை இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்க. இங்கிருந்து கூரியரில் அனுப்புவதானால் டாக்டர் சீட்டும் கடிதமும் ஆங்கிலத்தில், கூடவே பாஸ்போர்ட், விசா நகல் வைக்கணும், மூன்று மாச அளவுக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, அப்பா மத்திய அரசு பென்ஷன். நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கணுமே?

சேரன்மாதேவிக்காரன்

ஐயோ, அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை பாய். அப்பா வருஷா வருஷம் நேரில் போய்க் கொடுப்பார். ஹூஸ்டனில் இருக்கும் இந்தியக் கான்சுலேட்டுக்குத்தான் போகணுமா? நாலு மணி நேரம் காரில்.

மேலப்பாளையம் காதர்

கான்சுலேட்டில் வாங்கலாம், ஆனால் அது மட்டும்தான் வழி என்றில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டரியோ பாங்க் அதிகாரியோ கையெழுத்துப் போட்ட சான்றிதழை, அவர் அதிகாரம் கொடுத்த ஆள் இங்கே கொண்டுவந்து கொடுத்தால் நேரில் வர வேண்டாம் என்று விதி இருக்கு. அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு நோட்டரி. அதிகாரக் கடிதத்தில் உங்க பேரைப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. முதலில் பென்ஷன் வாங்குகிற இடத்தில் போய் எந்தப் படிவம் என்று கேட்டுவிடுங்க.

சேரன்மாதேவிக்காரன் (அக்டோபர் 19)

வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தான் போட்டு முடித்தார். பிப்ரவரி 14 வரை கேட்டிருக்கிறோம். பட்டாவை அவர் கூட வேலை பார்க்கிற நாகர்கோவில்காரர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். டாக்டர் கடிதம் கிடைக்கத்தான் நாலு நாள் ஆனது. ரசீது ஆன்லைன் கணக்கிலேயே வந்துவிட்டது, கைரேகைக்கு இதுவரை கூப்பிடவில்லை. டிக்கெட்டை ஜனவரி 30-க்கு மாற்றியாச்சு, கட்டண வித்தியாசம் மட்டும் கொஞ்சம் கடி. நாளைக்குப் பென்ஷன் விஷயமாகத் திருநெல்வேலி ஜங்ஷன் போகிறேன். நடவை இந்தத் தடவை சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். அப்பா தினமும் வீடியோவில் வரப்பைக் காட்டச் சொல்லி அவர் உயிரை எடுக்கிறார்.