புதுப்பிப்பு: சுற்றுலா இணையதளத்தில் வரைபடம் சேர்த்தல்

எங்கள் சுற்றுலா நிறுவனத்தின் இணையதளத்தில் நான் சேர்த்த வரைபடத்தில் விடுதிகளின் இடங்களெல்லாம் கடலுக்குள் விழுகின்றன என்றும், பக்கம் மிக மெதுவாகத் திறக்கிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் இப்போது சரியாகிவிட்டன.

முதல் பிழை முழுக்க என்னுடையதே. இடங்களின் விவரங்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்ததாகவும் வர வேண்டும். இணையப் பக்கத்தில் வரைபடத்தைக் காட்ட உதவும் நிரல் தொகுப்பான லீஃப்லெட்டில் (Leaflet) இடக்குறியை நேரடியாக இடும்போதோ அட்சரேகைதான் முதலில் வரும். ஒன்றிலிருந்த எண்களை அப்படியே மற்றொன்றில் ஒட்டியிருந்தேன். வரிசையை மாற்றியதும் எல்லா விடுதிகளும் கரையேறின. அதோடு, கட்டடத்தின் நடுவில் இருந்த குறிகளை வாகனம் நுழையும் வாசலுக்கு நகர்த்தினேன். வழி தேடி வருபவருக்குத் தேவைப்படுவது அதுதான்.

வேகத்துக்காக, முதலில் வரைபடத்தின் அசையாப் படம் ஒன்றை மட்டும் காட்டி, பயனர் அதைத் தொட்ட பிறகே உண்மையான வரைபடம் ஏறுமாறு அமைத்தேன். முகவரியை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பயன்படுத்துவதால் அதன் பெயரை வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பிடுவது கட்டாயம். அதன் பொதுச் சேவையகங்கள் நன்கொடையில் இயங்குபவை என்பதால், வரைபடப் படங்களைக் கட்டணச் சேவை ஒன்றிலிருந்து பெறுகிறோம்.