ப்ளஸ் டூ சயின்ஸ் எக்ஸாமுக்கும் படிக்கணும், நர்சிங்குக்கும் ரெடியாகணும், எத விடுறது?

ஆத்தங்குடிப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ப்ளஸ் டூ, பயாலஜி குரூப், தமிழ் மீடியம். ஆத்தங்குடி பக்கத்துலேர்ந்து தினமும் காரைக்குடிக்கு பஸ்ல போய் படிக்கிறேன். பி.எஸ்சி நர்சிங் தான்னு நைன்த்லயே முடிவு பண்ணிட்டேன், வீட்லயும் சரின்னுட்டாக. பெரியம்மா மக நர்சிங் முடிச்சவங்க, தீபாவளிக்கு வந்தப்ப அவங்க ஃபர்ஸ்ட் இயர் அனாட்டமி புக்க எனக்கு குடுத்துட்டு போனாங்க. முழுக்க இங்கிலீஷ். ராத்திரி டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகுது, ஆனா அத மூடி வைக்கவும் மனசு வரல, ஏன்னா இப்பவே தொடங்கலன்னா காலேஜ்ல இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க முன்னாடி முழிச்சுக்கிட்டு நிப்பேனோன்னு பயமா இருக்கு. இதுக்கு நடுவுல ரிவிஷன்ல பயாலஜி 70க்கு 58, கெமிஸ்ட்ரி 34, ஃபிசிக்ஸ் 29. பிப்ரவரில பிராக்டிகல், மார்ச்ல எக்ஸாம். அப்பா டைல்ஸ் பட்டறையில வேல பாக்குறாக, நாள் பூரா சிமெண்ட்ல கைய வச்சு விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும், ராத்திரி நாந்தான் தேங்காண்ணெ போட்டு விடுவேன், அப்பவே "ஒழுங்கா படி தாயி"ம்பாக. ரெண்டையும் சேத்து படிக்க முடியுமா, இல்ல ஒண்ண விட்றணுமா? விடணும்னா எத?

தேவகோட்டை செகண்ட் இயர்:

தங்கச்சி, அனாட்டமி புக்க இன்னைக்கே பரண்ல போடு. நானும் தமிழ் மீடியம் தான். அரசு கவுன்சிலிங்ல இதுவரைக்கும் ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மார்க்க வச்சுத்தான் ரேங்க் போடுறாங்க, அனாட்டமி தெரியுமான்னு அங்க யாரும் கேக்கப் போறதில்ல. ஃபிசிக்ஸ் 29 தான் உனக்கு சீட்ட தள்ளிவிடும். ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல அனாட்டமி, ஃபிசியாலஜி, சைக்காலஜி, சோசியாலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன் கூடவே இங்கிலீஷும் ஒரு பாடமா வருது, எல்லாத்தையும் அடியிலேர்ந்து தான் எடுப்பாங்க. ஃபிசிக்ஸ்ல ஒன் மார்க் மட்டும் 15 இருக்கு, புக் பேக்க முதல்ல முடி.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:

பாப்பா, எனக்கு இந்த வேலையில பதினாறு வருஷம் ஆச்சு, காரைக்குடிக்காரி தான். நீ இத ரெண்டு படிப்புன்னு பிரிச்சுப் பாக்குற, அங்கதான் கஷ்டப்படுற. உங்கிட்ட இருக்க ப்ளஸ் டூ புக்கு தான் நர்சிங்கோட முதல் புக்கு.

ஒண்ணு சொல்றேன். வீட்ல மாங்கா நறுக்கி உப்பு போட்டு வச்சா மறுநாள் ஜாடியில தண்ணி விட்டு நிக்குமில்ல, வெளிய உப்பு ஜாஸ்தி, உள்ள இருக்க தண்ணி வெளிய வந்துருது. ரத்த சிவப்பணுவும் அப்படித்தான், உப்பு ஜாஸ்தியான தண்ணில போட்டா சுருங்கும், வெறுந்தண்ணில போட்டா ஊதி வெடிச்சிரும். அதான் வார்டுல நாங்க போடுற நார்மல் சலைன் 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 500 மில்லி பாட்டில்ல 4.5 கிராம். இப்ப உன் மோலாரிட்டி கணக்க எடு, உப்போட மோலார் நிறை 58.5, 9ஐ அதால வகுத்தா லிட்டருக்கு 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு போனா அந்த பாட்டில் லேபிள பாரு, சோடியம் 154ன்னு போட்டிருக்கும். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல மோல் கணக்க "எக்ஸாமுக்கு வராது"ன்னு விட்டுட்டாங்க, ஃபர்ஸ்ட் இயர்ல மருந்து கணக்கு வந்தப்ப நான் பாத்ரூம்ல போய் அழுதேன். நீ அத விட்றாத.

ஃபிசிக்ஸ் நர்சிங்குக்கு எதுக்குன்னு நெனக்கிறதாலயே ஓடாது. முதல் பாடத்துல மின்தேக்கி பயன்பாடு இருக்கும் பாரு, டீஃபிப்ரிலேட்டர், அதாவது தாறுமாறா துடிக்கிற இதயத்துக்கு ஷாக் குடுக்குற மெஷின், 175 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட். அரை சி வி ஸ்கொயர் போட்டுப் பாரு, 350 ஜூல் வரும். அந்த மெஷினோட ரெண்டு கைப்பிடியையும் புடிச்சுக்கிட்டு எல்லாரையும் தள்ளி நிக்க சொல்லி கத்துன அன்னைக்கு எனக்கு அந்த சூத்திரம் தான் ஞாபகம் வந்துச்சு, நெசமாத்தான் சொல்றேன்.

ஒரு கணக்கு தர்றேன், போட்டு காட்டு. ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்துல ஏறணும், சலைன் ஏத்துற ட்யூப் செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தன சொட்டு?

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்:

அந்த அம்மா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கம்மா. உன் அப்பா கையில தான் உன் அயனிச் சமநிலை பாடமே இருக்கு. ஈர சிமெண்ட் கடுமையான காரம், pH 12ஐத் தாண்டும். சுத்த தண்ணியோட 7க்கும் இந்த 12க்கும் அஞ்சு தானே வித்தியாசம்னு பசங்க நெனப்பாங்க, ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்குன்னா அது லட்சம் மடங்கு. நம்ம ரத்தம் 7.35லேர்ந்து 7.45க்குள்ள நின்னே ஆகணும், அத நிறுத்தி வைக்கிறது கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேந்த தாங்கல் கரைசல். இத புரிஞ்சு படிச்சா அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு கையில. அப்பாவ ரப்பர் கையுறை போட சொல்லு, முடியலன்னா வேல முடிஞ்ச கையோட நெறைய நல்ல தண்ணில கழுவ சொல்லு, எண்ணெ அதுக்கு அப்புறந்தான். சீழ் வச்சா ஜி.ஹெச்சுக்கு கூட்டிட்டு போ.

மின் வேதியியலயும் விடாத. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டுன சிக்ரிய, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்த, தாண்டித்தானே நம்ம ஊர்ப் பிள்ளைங்க பஸ்ல போறீங்க, அதுக்குள்ள நடக்கிற ஆராய்ச்சியே அந்த பாடந்தான். தினமும் வெள்ளன எந்திரிச்சு ஒரு மணி நேரம் கணக்கு மட்டும் போடு, தியரி சாயங்காலம்.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:

சார் சொன்னது சரி. இங்கிலீஷுக்கு ஒரு வழி, பயாலஜி படிக்கும்போதே ஒவ்வொரு தமிழ் சொல்லுக்கும் பக்கத்துல இங்கிலீஷ் பேர எழுது, நாளைக்கு அஞ்சு போதும். எக்ஸாம் முடிஞ்சு காலேஜ் தொறக்குற வரைக்கும் லெவன்த் விலங்கியல எடு, சுற்றோட்டம், கழிவு நீக்கம் எல்லாம் அதுல தான், அத முடிச்சுட்டு அப்புறமா உன் பெரியம்மா மக குடுத்த புக்க தொற, பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகாது.

ஆத்தங்குடிப் பொண்ணு:

அக்கா, 1000 இன்ட்டு 20, 480 நிமிஷத்தால வகுத்தா 41.67. நிமிஷத்துக்கு 42 சொட்டு, சரியா? சார், அப்பா கைய கழுவிட்டு எண்ணெ போட்டேன், கையுறைய நெனச்சு பாக்குறேன்னாக. அனாட்டமி புக்க பீரோ மேல வச்சுட்டேன். இன்னைக்கு மின்தேக்கி.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:

42 சரி. வார்டுல வாட்ச பாத்து 15 செகண்டுக்கு பத்து, பதினொண்ணுன்னு எண்ணுவோம். அடுத்தது நாளைக்கு தர்றேன்.