மூத்தோர் குடியிருப்பு: திருப்தி மார்க் 4.6, ஆனால் ராத்திரி மெஸ் காலி. எதைத்தான் அளப்பது?

பேரூர்வாசி

வணக்கம். கோவைக்கு மேற்கே இருக்கும் ஒரு சீனியர் லிவிங் குடியிருப்பின் சங்கக் கமிட்டி சார்பில் கேட்கிறேன். 92 வீடு, 118 பேர். பெரும்பாலோருக்கு வயது 70-க்கு மேல். நிர்வாகம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் கொடுக்கும். சாப்பாடு, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கிளினிக், ஒவ்வொன்றுக்கும் 5-க்கு எத்தனை என்று. இந்த வருஷச் சராசரி 4.6.

ஆனால் ராத்திரி டிபனுக்கு மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். கேரியரில் வீட்டுக்கே அனுப்பச் சொல்கிறார்கள். யோகா, பஜனை, சினிமா எதற்குப் போனாலும் அதே இருபது முகங்கள். மிச்சப் பேர் எப்படி இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

குடியிருப்போர் நலமாக இருக்கிறார்களா என்பதை உருப்படியாக அளக்க வழி உண்டா? யார் கேட்க வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? அளந்த பிறகு எதை மாற்றினால் பலன் தெரியும்?

நர்ஸக்கா

சார், அந்த 4.6 சர்வீசுக்குக் கிடைத்த மார்க். அதையும் யார் கேட்டு வாங்கினார்கள் என்று பாருங்கள். நாளைக்கு பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டிய அட்டெண்டரே படிவத்தை நீட்டினால் 3 போட யாருக்கு மனசு வரும்?

நலத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-5 படிவம் போதும். கடந்த 2 வாரத்தைப் பற்றி ஐந்தே வாக்கியம்: மனசு உற்சாகமாக இருந்தது, பதற்றமில்லாமல் அமைதியாக இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், காலையில் தூக்கம் தெளிந்து புத்துணர்வோடு எழுந்தேன், அன்றாடம் எனக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 5. மொத்தம் 25, அதை 4-ஆல் பெருக்கினால் 100-க்கு வந்துவிடும். 50-க்குக் கீழே இருந்தால் அவரைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். அதை வைத்தே மனச்சோர்வு என்று ஃபைலில் எழுதிவிடாதீர்கள். அடுத்த படி ஜிடிஎஸ்-15, முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோல். பதினைந்து ஆம்-இல்லை கேள்வி. மதிப்பு 5-ஐத் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும்.

இதோடு தனிமைக்கான மூன்று கேள்வியைச் சேருங்கள்: பேச்சுத்துணை இல்லை என்று தோன்றுகிறதா, ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாகத் தோன்றுகிறதா. 'அரிதாக' 1, 'சில நேரம்' 2, 'அடிக்கடி' 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும். 6-ம் அதற்கு மேலும் தனிமை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

கேட்கும் விதத்தில்தான் பாதி கெடும். தம்பதியாக இருந்தால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்து உட்கார வைத்தால் ஐயாவுக்கும் சேர்த்து அம்மாவே பதில் சொல்லிவிடுவார். அல்லது அம்மாவின் தூக்கத்தைப் பற்றி ஐயா சொல்வார். காதுக் கருவி, கண்ணாடி இரண்டும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆறு விடைகளையும் 24 பாயிண்ட் எழுத்தில் ஓர் அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். காட்ராக்ட் உள்ளவர்களுக்கு வெளிர் மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து வசதி. பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், ட்யூப்லைட் எதிரொளிக்கும். கேட்பவர் வெளியாளாக இருக்கட்டும். பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும்.

கேட்பதற்கு முன்னாலேயே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். "போய்ச் சேர்ந்தா தேவலைப்பா" என்று ஒருவர் சொன்னால் யார் என்ன செய்வது? வயசானவர்கள் சொல்கிறதுதானே என்று கடந்து போகவே கூடாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா, வழி யோசித்திருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கிளம்பிவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், சேர்த்து வைத்த தூக்க மாத்திரையை எடுத்துவிட்டு, அன்றைக்கே டாக்டர். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் சர்வே எடுக்காமலே இருக்கலாம்.

எல்லோருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை. 50-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 6 வாரத்தில் மறுபடி. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இரண்டாம் வாரமும் மூன்றாம் மாதமும்.

தராசுமுள்

நர்ஸக்கா சொன்ன கருவிகள் சரி. எண்களைப் படிப்பதில்தான் கமிட்டிகள் கோட்டை விடும்.

சராசரியை முதல் பக்கத்தில் போடாதீர்கள். சராசரி 66 என்பதற்குள் 90 வாங்கியவரும் 20 வாங்கியவரும் ஒளிந்துகொள்ளலாம். 50-க்குக் கீழே எத்தனை பேர், போன தடவை கீழே இருந்தவர்களில் எத்தனை பேர் மேலே வந்தார்கள், மேலே இருந்தவர்களில் எத்தனை பேர் கீழே இறங்கினார்கள், இந்த மூன்றும் போதும். தனி ஒருவருக்கு 10 புள்ளி ஏறினாலோ இறங்கினாலோ அதைப் பொருட்படுத்த வேண்டிய மாற்றமாகக் கொள்கிறார்கள். குழுச் சராசரியில் 2 புள்ளி ஆட்டம் ஒன்றுமே இல்லை. ஆளுக்கு ஆள் சிதறல் 20 புள்ளி என்று வைத்தால், 90 பேரின் சராசரிக்கே முன்னும் பின்னும் 4 புள்ளி பிசகு உண்டு. 66, 68 ஆனதற்குக் கேக் வெட்ட வேண்டாம்.

அதே ஆட்களைத் தொடர வேண்டும். 68 வயதில் நடமாட்டத்தோடு புதிதாக வருகிறவர்கள் சராசரியைத் தூக்குவார்கள். முடியாமல் போனவர்கள் மகன் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருப்பார்கள், கணக்கில் இருக்க மாட்டார்கள். யாரையும் கவனிக்காமலே எண் ஏறிவிடும். பதில் சொல்ல மறுத்தவர்கள் பட்டியலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 'மிச்சப் பேர்' பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

மாதமும் முக்கியம். கேள்வி 2 வாரத்தைப் பற்றியது. டிசம்பர் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருக்கும்போது எடுத்தால் ஒரு படம், அவர்கள் கிளம்பிப் போன ஜனவரி மூன்றாம் வாரம் எடுத்தால் வேறு படம். பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வைத்துக்கொண்டு அதை மாற்றாதீர்கள்.

நிர்வாகத்துக்கு பிளாக் வாரியாகக் கொடுக்கும்போது 10 பேருக்குக் குறைந்த குழுவைப் பிரித்துக் காட்டக் கூடாது. 'சி பிளாக், தனியாக இருக்கும் ஆண்கள், 3 பேர்' என்று எழுதினால் பெயரையே எழுதின மாதிரி.

இன்னொன்று: சர்வேக்கு முன்பே உங்களிடம் தினசரிப் பதிவு இருக்கிறது. மெஸ் டோக்கன். வழக்கமாக வருகிறவர் தொடர்ந்து 3 வேளை வரவில்லை என்றால் மறுநாள் காலை ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். இதற்குச் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை, ஒரு நோட்டு போதும். எந்தச் சர்வேயும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

கைப்பிடி

உடம்புப் பக்கம் இருந்து சில. (பிசியோதெரபி என் துறை.)

எழுந்து நடக்கும் சோதனை: கைப்பிடி உள்ள நாற்காலி, தரையில் 3 மீட்டரில் ஒரு டேப். 'போங்க' என்றதும் ஸ்டாப்வாட்ச். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்பு, பிடிக்கும் தடி எல்லாம் இருக்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்துள்ளவர். பக்கத்தில் ஓர் ஆள் கூடவே நடக்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. போட்டி மாதிரி உற்சாகப்படுத்தாதீர்கள். வேகமாக நடந்து காட்டி, திரும்பும் இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

எடை மாதம் ஒருமுறை. ஒரே மெஷின், காலையில், டிபனுக்கு முன். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ 6 மாதத்தில் 10 சதவீதமோ தானாகக் குறைந்தால் காரணம் தேட வேண்டும். 60 கிலோ ஆளுக்கு ஒரு மாதத்தில் 3 கிலோ. தளர்ந்துபோன பல்செட், பசியைக் குறைக்கும் மாத்திரை (மெட்ஃபார்மின், ஞாபக மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் இரண்டும் செய்யும்), துணையை இழந்த துக்கம், இவற்றை முதலில் பாருங்கள்.

விழுந்தவர்கள் கணக்கை 1,000 ஆள்-நாளுக்கு என்று எழுதுங்கள். 118 பேர், 30 நாள், 3,540 ஆள்-நாள்; அதில் 4 பேர் விழுந்தால் 1.13. ஒழுங்காக எழுத ஆரம்பித்த முதல் சில மாதம் இந்த எண் ஏறும். முன்பு மறைத்தது இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதற்காக அட்டெண்டரைத் திட்டினால் மறுபடி மறைத்துவிடுவார்கள்.

விழுவது அதிகம் ராத்திரி கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவேதான். கட்டிலிலிருந்து கதவு வரை கணுக்கால் உயரத்தில் சென்சார் விளக்கு. டாய்லெட் பக்கச் சுவரில் சுமார் 38 மி.மீ. விட்டமுள்ள பிடிகம்பி, சுவருக்கும் கம்பிக்கும் அதே அளவு இடைவெளி, டைல்ஸைத் தாண்டிச் செங்கலில் இறங்கும் ஆங்கர் போல்ட். டவல் ராடைப் பிடித்து எழும் பழக்கம் பல வீட்டில் இருக்கும். அது ஒருநாள் ஸ்க்ரூவோடு கையில் வரும். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுகிறவருக்கு, நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைக் காலைக்கு மாற்ற முடிந்தால் டபிள்யூஎச்ஓ-5-இன் தூக்கக் கேள்வியும் சேர்ந்து ஏறும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள்.

மெஸ்_மேனேஜர்

ராத்திரிக் கூட்டம் குறைந்ததற்குச் சமையலைக் குறை சொல்வதற்கு முன் கூடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கிரானைட் தரை, சிமெண்ட் சீலிங், எவர்சில்வர் தட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன், மூலையில் டிவி சீரியல். காது மந்தமானவருக்கு எதிரே இருப்பவர் பேச்சு ஒன்றுமே பிடிபடாது. காதுக் கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். இரண்டு தடவை தப்பாகப் பதில் சொல்லிச் சிரிப்பு வந்தால் மூன்றாம் நாள் கேரியர் கேட்டுவிடுவார். டிவியை நிறுத்துங்கள், மேஜை மேல் துணி விரியுங்கள், கனமான திரை போடுங்கள், தட்டு கழுவுமிடத்துக்குக் கதவு வையுங்கள். காது மந்தமானவரைச் சுவர்ப்பக்கம் முதுகு வைத்து உட்கார வையுங்கள். எட்டுப் பேர் நீள மேஜையைவிட நாலு பேர் வட்ட மேஜை நல்லது.

அடுத்தது இடம். எழுதப்படாத சீட்டு எல்லா மெஸ்ஸிலும் உண்டு. கணவர் இறந்த அம்மா, பழைய 'தம்பதி மேஜை'யில் தனியாக உட்காரக் கூசுவார். புதிதாக வந்தவர் காலியான நாற்காலியில் உட்கார்ந்தால் "அது ராவ் சார் இடம்" என்பார்கள். வாரம் இரண்டு நாள் டோக்கனில் மேஜை எண் போட்டுக் குலுக்கிவிடுங்கள். தினமும் செய்தால் சண்டை வரும்.

நேரமும் ஒரு காரணம். சமையல்காரர் ஷிஃப்டுக்காக 6:45-க்கே டிபனை முடித்தால் மறுநாள் காலை 8:15 வரை பதின்மூன்றரை மணி நேரம் வயிறு காலி. கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ஆபத்து. 7 முதல் 8:15 வரை திறந்து வைத்து, 9 மணிக்குக் கேட்பவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுங்கள்.

மெனுவைக் கமிட்டி தீர்மானிப்பதைவிட, ஒவ்வொரு வேளையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவது மேல். இட்லியா கிச்சடியா என்பது சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டுச் சாவி, வங்கிக் கணக்கு, கார் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு அன்றாடம் தன் இஷ்டப்படி நடப்பது வேறென்ன மிச்சம்?

தராசுமுள்

மெஸ்_மேனேஜர் கடைசியாகச் சொன்னதற்கு ஆய்வு உண்டு. 1976-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ் ஒரு முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களைச் சந்திக்க அனுப்பினார். எப்போது வர வேண்டும் என்று சிலர் தாங்களே தீர்மானித்தார்கள். சிலருக்கு எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. சிலரிடம் சொல்லாமல் வந்தார்கள். ஒரு குழுவுக்கு யாருமே வரவில்லை. முதல் இரண்டு குழுவும் உடம்பிலும் மனசிலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றதும் நிலைமை மாறியது. பின்னாளில் பார்த்தபோது, தேறியிருந்த அதே குழுக்கள்தான் சரிந்திருந்தன.

இது சின்ன ஆய்வு. ஆனாலும் என்எஸ்எஸ் மாணவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் வந்து பாட்டுப் பாடி, கேக் ஊட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கு அனுமதி கொடுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒருநாள், ஒரே மாணவர் ஒரே ஆளிடம், நேரத்தைப் பெரியவரே சொல்ல வேண்டும். முடியும் தேதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பேரூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மறதி நோய் உள்ளவர்கள் எங்களிடம் 9 பேர். அவர்களிடம் எப்படிக் கேட்பது? மதிப்பெண்ணை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் மெயில் அனுப்பினால் 'வெளிப்படைத்தன்மை' என்று நிர்வாகம் விளம்பரப்படுத்த நினைக்கிறது. சரியா?

நர்ஸக்கா

ஆரம்ப நிலை மறதி என்றால் அவரிடமே கேளுங்கள். ஐந்து வாக்கியத்துக்கும் பெரும்பாலும் சொல்லிவிடுவார். குடும்பத்தாரோ அட்டெண்டரோ அவருக்குப் பதிலாகச் சொன்னால் மதிப்பு பொதுவாகக் குறைத்தே வரும். முற்றிய நிலையில் குவாலிட் என்ற பார்வைப் பட்டியல் இருக்கிறது: சிரிக்கிறாரா, சோகமாகத் தெரிகிறாரா, தொட்டால் பிடிக்கிறதா, சாப்பாட்டை ரசிக்கிறாரா என்று 11 கேள்வி. மொத்தம் 11 முதல் 55 வரை. இதில் குறைந்த எண்தான் நல்லது, டபிள்யூஎச்ஓ-5-க்கு நேர்மாறு, ஒரே அட்டவணையில் கலந்துவிடாதீர்கள். கடந்த 7 நாளில் குறைந்தது 3 நாளாவது அவரோடு நெருங்கி இருந்த அட்டெண்டர்தான் பதில் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் நிரப்பினால் பயன் இல்லை. எண் திடீரென்று மோசமானால் முதலில் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலி மூன்றையும் பாருங்கள். அமைதிப்படுத்தும் மாத்திரை அதற்கப்புறம்தான்.

மெயில் வேண்டவே வேண்டாம். பையனுக்குப் போகும் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் 100 வாங்குவார்கள். நியூஜெர்சியில் இருக்கிற பிள்ளையைக் கவலைப்படுத்த எந்த அம்மாவுக்கும் விருப்பமில்லை. குடிவரும்போதே ஒரு சம்மதப் படிவம் வையுங்கள்: விழுந்தால் யாருக்குச் சொல்லலாம், ஆஸ்பத்திரி என்றால் யாருக்கு, மனநல விஷயம் என்றால் யாருக்கு, மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம், 'யாருக்கும் வேண்டாம்' என்ற கட்டமும் சேர்த்து. மெயின்டனன்ஸ் கட்டுவது பிள்ளை என்பதால் அந்தக் கட்டத்தை அவர் நிரப்ப முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை பெரியவரிடமே காட்டி, மாற்ற வேண்டுமா என்று கேட்டு, புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள்.